பழுதில் பிறந்த ஒலி

நுழையும்முன்

பழுதுபட்ட கருவியைச் செப்பனிடுவது உலக வழக்கம். பழுதினால் எழுந்த ஒலியைச் செவிகொடுத்துக் கேட்டு, அவ்வொலியையே வேண்டும்போதெல்லாம் எழுப்புதற்கு ஒரு கருவி செய்த வரலாறு மின்கித்தாருக்கு உண்டு. அக்கருவியைக் கடையில் வாங்காமல் தாமே செய்துகொள்வோரும், செய்ததைத் திறந்து தம் செவிக்கேற்ப மாற்றிக்கொள்வோரும் பல நாடுகளில் உள்ளனர். ஒரு சிறிய மின்சுற்றை மாற்றியமைக்கும் முயற்சி, பார்த்துச் செய்வதற்கும் புரிந்து செய்வதற்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுகிறது. அத்தொலைவை அளந்து பார்ப்பது இக்கட்டுரை.

தெளிந்த ஒலியும் கரகரத்த ஒலியும்

மின்கித்தாரின் கம்பி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தமும் கம்பிச்சுருளும் அவ்வதிர்வைச் சிறு மின்னலையாக மாற்றுகின்றன. அவ்வலையின் அளவு ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. பெருக்கி அதனைப் பன்மடங்காக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. உள்ளே வந்த அலையின் வடிவம் சிறிதும் மாறாமல் வெளியே செல்ல வேண்டும் என்பதே பெருக்கி செய்த பொறியாளர்களின் தொடக்ககால நோக்கமாக இருந்தது.

ஆனால் எந்தப் பெருக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒன்பது வோல்ட் மின்கலத்தால் இயங்கும் பெருக்கி, இருபது வோல்ட் உயரமுள்ள அலையைத் தர இயலாது. அந்த எல்லையைத் தாண்ட முயலும் அலையின் முகடுகளும் அகடுகளும் அரிவாளால் சீவியதுபோல் தட்டையாகிவிடுகின்றன. வடிவம் மாறிய அலையில், முன்பு இல்லாத மேற்சுரங்கள் புதிதாகத் தோன்றுகின்றன. செவிக்கு அது கரகரப்பாகவும், அழுத்தம் மிக்கதாகவும், சில வேளைகளில் தொண்டை கட்டிய மனிதக் குரலைப் போலவும் கேட்கிறது. பொறியாளர் இதனை உருக்குலைவு என்றனர். கித்தார்க் கலைஞர்களுள் சிலரோ இதனைத் தேடத் தொடங்கினர்.

பழுது தந்த பரிசு

1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், ஐக் டர்னரின் இசைக்குழு ‘ராக்கெட் 88’ என்னும் பாடலைப் பதிவு செய்தது. கித்தார்க் கலைஞர் வில்லி கிசார்ட்டின் பெருக்கி, பதிவரங்கத்திற்கு வரும் வழியில் சேதமடைந்துவிட்டது என்றும், கிழிந்த ஒலிபெருக்கிக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தனர் என்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கரகரப்பைப் பதிவிலிருந்து நீக்க அரங்க உரிமையாளர் சாம் பிலிப்ஸ் முயலவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

பத்தாண்டுகள் சென்றபின் நாஷ்வில் நகரில் வேறொரு பழுது நேர்ந்தது. மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொர்ரி’ என்னும் பாடல் பதிவாகும்போது, ஒலிக்கலவைக் கருவியின் ஒரு தடம் கெட்டுப்போயிருந்தது. அத்தடத்தின் வழியே சென்ற கிரேடி மார்ட்டினின் இசை, வண்டு முரல்வதுபோல் ஒலித்தது. 1961இல் வெளிவந்த அப்பாடலைக் கேட்ட பிற கலைஞர்கள் அதே ஒலியை வேண்டினர். பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அவ்வொலியை வேண்டும்போது எழுப்பும் சுற்று ஒன்றை உருவாக்கினார். 1962இல் அது ‘மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. காலால் மிதித்து இயக்கும் இத்தகைய சிறு பெட்டியே ‘பெடல்’ எனப்படுகிறது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் இதனைப் பயன்படுத்திய பின், இந்த ஒலியை உலகமே அறிந்தது.

இவற்றுக்கிடையே 1964இல், லண்டன் இளைஞர் டேவ் டேவிஸ் தம் சிறிய பெருக்கியின் ஒலிபெருக்கிக் கூம்பைச் சவர அலகால் கீறிவிட்டு, ‘யூ ரியலி காட் மீ’ பாடலை வாசித்தார். முன்னவர்களுக்குப் பழுது தானாக நேர்ந்தது. டேவிஸோ அதனை வேண்டுமென்றே உண்டாக்கினார். கேட்டதைப் பயன்படுத்துதல், கேட்டதை மீண்டும் உண்டாக்குதல், அதனைத் தன் விருப்பத்திற்கேற்ப வடிவமைத்தல் என மூன்று படிகள் இவ்வரலாற்றில் உள்ளன. வீட்டில் பெடல் செய்வோர் நிற்பது மூன்றாவது படியில்.

பச்சைப் பெட்டியின் உள்ளே

1970களின் இறுதியில் ஜப்பானியப் பொறியாளர் சுசுமு தமுரா வடிவமைத்த ‘டியூப் ஸ்கிரீமர்’ என்னும் பச்சைநிறப் பெடல், ஓவர்டிரைவ் வகையில் பெரும்புகழ் பெற்றது. அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவி ரே வானின் இசையில் அதன் ஒலியைக் கேட்கலாம். வீட்டில் பெடல் செய்யக் கற்போர் பலரும் எடுத்துக்கொள்வது இச்சுற்றையே. உறுப்புகள் குறைவு, ஒவ்வோர் உறுப்புக்கும் தெளிவான வேலை உண்டு.

சுற்றின் நடுவே செயல்பாட்டுப் பெருக்கி என்னும் ஒரு சில்லு இருக்கிறது. அது அலையை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை இரண்டு மின்தடைகளின் விகிதம் தீர்மானிக்கிறது. பின்னூட்டப் பாதையில் 51 கிலோ ஓம் நிலையான மின்தடையும், 500 கிலோ ஓம் வரை திருகக்கூடிய மாறுமின்தடையும் உள்ளன. தரையை நோக்கிச் செல்லும் பாதையில் 4.7 கிலோ ஓம் மின்தடை உள்ளது. திருகியை முழுமையாகத் திருப்பினால் 551ஐ 4.7ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட, ஏறத்தாழ 118 மடங்கு கிடைக்கும். முழுமையாகக் குறைத்தால் 12 மடங்கு.

ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கான அலை 118 மடங்கானால், ஏறத்தாழ 12 வோல்ட் ஆக வேண்டும். அவ்வாறு ஆகவிடாமல் தடுப்பவை, பின்னூட்டப் பாதையில் எதிரெதிர்த் திசை நோக்கி இணைக்கப்பட்ட இரண்டு சிலிக்கான் டையோடுகள். ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட் வரும்போது டையோடு கடத்தத் தொடங்குகிறது. ஒன்று முகட்டை மட்டுப்படுத்துகிறது. மற்றொன்று அகட்டை மட்டுப்படுத்துகிறது.

இங்கு ஒரு நுட்பம் உள்ளது. இவ்வகைச் சுற்றில், மட்டுப்படுத்தப்பட்ட அலையுடன், உள்ளே வந்த மூல அலையும் கூட்டப்பட்டே வெளியேறுகிறது. எனவே கம்பியை மெல்ல மீட்டினால் மென்மையும், வன்மையாக மீட்டினால் கரகரப்பும் பிறக்கின்றன. கலைஞரின் விரலழுத்தம் கருவிக்குள் தொலைந்துபோவதில்லை. முதற்கால ஃபஸ் கருவிகள் அலையை முற்றிலும் சப்பையாக்கின. ஓவர்டிரைவோ விரலின் பேச்சைக் கேட்டு மறுமொழி தருகிறது.

படியெடுத்தல்

இசைக்குழு ஒன்றில் கித்தார் வாசிக்கும் இளைஞர் ஒருவர், இச்சுற்றை வீட்டிலேயே செய்யத் தொடங்குகிறார் என்று கொள்வோம். கையில் சுற்றுப்படம் இருக்கிறது. துளைப்பலகை, சில மின்தடைகள், மின்தேக்கிகள், ஒரு சில்லு, இரண்டு டையோடுகள், மூன்று திருகிகள், ஒன்பது வோல்ட் மின்கலம் ஆகியவற்றை வாங்குகிறார். படத்தில் உள்ளவாறே உறுப்புகளைச் செருகி, சால்டரிங் இரும்பால் ஈயம் வைக்கிறார்.

கித்தாரை இணைத்து மீட்டுகிறார். ஒலி வருகிறது, கரகரப்பு வரவில்லை. படத்தைப் பலமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறார். எல்லாம் சரியாகவே தோன்றுகிறது. பின்னர் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு மின்தடையாக அளக்கிறார். 4.7 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 47 கிலோ ஓம் இருக்கிறது. முன்னதன் நிறவரிசை மஞ்சள், ஊதா, சிவப்பு. பின்னதன் நிறவரிசை மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. இரவு விளக்கொளியில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. அந்த ஒரு வண்ணக்கோட்டின் மாற்றத்தால் 118 மடங்கு, 13 மடங்காகச் சுருங்கிவிட்டது.

மின்தடையை மாற்றியதும் பெடல் உறுமுகிறது. மகிழ்ச்சியைக் காட்டிலும் பெரிய ஆதாயம் ஒன்று அந்த இளைஞருக்குக் கிடைத்துள்ளது. படத்தில் வெறும் கோணல்கோடாக இருந்த ஓர் உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை அவர் அறிந்துகொண்டார். முதல் முயற்சியிலேயே பெடல் ஒலித்திருந்தால், அந்த மின்தடை அவருக்கு எண் எழுதிய பொருளாகவே இருந்திருக்கும்.

முதல் மாற்றம்

சில நாள்கள் வாசித்தபின் இளைஞருக்கு ஒரு மனக்குறை எழுகிறது. தடித்த கம்பிகளின் ஒலி மெலிந்து கேட்கிறது. பெடலை அணைத்தால் அடிச்சுரம் நிறைவாக வருகிறது, இயக்கினால் ஒடுங்கிவிடுகிறது. குற்றவாளியைத் தேடிச் சுற்றுப்படத்தை ஆராய்கிறார். 4.7 கிலோ ஓம் மின்தடையுடன் தொடராக 0.047 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று நிற்கிறது. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மின்தேக்கி மிகுந்த எதிர்ப்பைக் காட்டும். ஆகவே ஏறத்தாழ 720 ஹெர்ட்சுக்குக் கீழே செல்லச் செல்லப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும்.

தெரிந்து தெளிவோம்

மின்தடையின் மதிப்பையும் மின்தேக்கியின் மதிப்பையும் பெருக்கி, அதனை 2 பையால் பெருக்கி, வரும் தொகையால் 1ஐ வகுத்தால் திருப்ப அதிர்வெண் கிடைக்கும். 4.7 கிலோ ஓம் மின்தடையுடன்,
0.047 மைக்ரோ ஃபாரட் எனில் 720 ஹெர்ட்ஸ்
0.068 மைக்ரோ ஃபாரட் எனில் 498 ஹெர்ட்ஸ்
0.1 மைக்ரோ ஃபாரட் எனில் 339 ஹெர்ட்ஸ்
கித்தாரின் மிகத் தடித்த கம்பியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ்.

திருகியை முழுமையாகத் திருப்பிய நிலையில், 82 ஹெர்ட்ஸ் அலை இச்சுற்றில் 118 மடங்கு பெருகுவதில்லை; ஏறத்தாழ 13 மடங்கே பெருகுகிறது. மின்தேக்கியை 0.1 மைக்ரோ ஃபாரட் ஆக்கினால் அது 28 மடங்காகும். இளைஞர் அவ்வாறே மாற்றுகிறார். தனியறையில் மீட்டும்போது சுவரே அதிர்வதுபோல் ஒலி பெருகுகிறது. வடிவமைத்தவர் செய்த குறையைத் தாம் நீக்கிவிட்டதாக அவர் எண்ணிக்கொள்கிறார்.

அடுத்த ஒத்திகையில் அந்த எண்ணம் குலைகிறது. கித்தார் ஒலிக்கிறது, ஆனால் எவர் செவிக்கும் எட்டவில்லை. அடிச்சுரத்திற்கெனவே இருக்கும் பேஸ் கித்தாரும், முரசின் தாழ்ந்த முழக்கமும் நிற்கும் இடத்தில் இப்போது இவருடைய ஒலியும் நெருக்கியடித்து நிற்கிறது. இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் சுரங்கள் தனித்தனியே கேட்காமல் குழம்பிப்போகின்றன. தாழ்ந்த சுரங்கள் வலிமை மிக்கவை. அவற்றைப் பெரிதும் பெருக்கி முகடு வெட்டினால், உடன்வரும் உயர்ந்த சுரங்களும் அவ்வெட்டிலே சிக்கிச் சிதைகின்றன.

அந்தச் சிறிய மின்தேக்கி அங்கே வைக்கப்பட்டதற்குக் காரணம் இருந்திருக்கிறது. கித்தார் தனியே ஒலிப்பதற்கு மட்டுமன்றி, பிற கருவிகளோடு கூடி ஒலிப்பதற்கும் உரிய சுற்று அது. குறை என்று கருதப்பட்டது, பிறர்க்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கும் அடக்கமாக இருந்தது. ஆயினும் இளைஞரின் செவி சொன்னதும் பொய்யன்று. அவருடைய குழுவில் பேஸ் கித்தார் மென்மையாகவே ஒலிப்பது. அங்கே சிறிது இடம் மிச்சமுண்டு. பழைய நிலைக்கே திரும்பாமலும், புதிய நிலையிலேயே பிடிவாதமாக நில்லாமலும், 0.068 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை வைத்துப் பார்க்கிறார். சுரங்கள் தெளிகின்றன; தடித்த கம்பிக்கும் உடல் கிடைக்கிறது. வடிவமைத்தவரின் காரணத்தை அறிந்தபின் செய்த மாற்றம் இது. முதல் மாற்றம் அக்காரணத்தை அறியாமல் செய்தது.

இரண்டாம் மாற்றம்

அடுத்து டையோடுகள். சிலிக்கான் டையோடுக்குப் பதிலாக ஜெர்மானியம் டையோடு வைத்தால், அது ஏறத்தாழ 0.3 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கும். அலை விரைவில் வெட்டுப்படும்; பெடலின் ஒலியளவும் குறையும். சிவப்பு ஒளி உமிழ் டையோடு வைத்தால், 1.7 வோல்ட் அளவு வரை அலை தடையின்றி எழும். வெட்டு குறைந்து ஒலி திறந்து கேட்கும்.

மற்றொரு வழியும் உண்டு. ஒரு பக்கம் ஒரு டையோடு, மறுபக்கம் தொடராக இரண்டு டையோடுகள் என அமைத்தால், முகடு ஓர் உயரத்திலும் அகடு வேறோர் ஆழத்திலும் வெட்டுப்படும். இருபுறமும் சமமாக வெட்டுப்பட்ட அலையில் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை மடங்கு மேற்சுரங்களே புதிதாகத் தோன்றும். சமமின்றி வெட்டினால் இரண்டு, நான்கு என இரட்டைப்படை மேற்சுரங்களும் சேரும். இரண்டாம் மடங்கு மேற்சுரம் என்பது மூலச் சுரத்தின் மேல்தாயிச் சுரமே. ஆதலால் கரகரப்பில் ஒரு தண்மை கலக்கிறது. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் வெளியிட்ட ஓ.டி.1 என்னும் பெடலில் இச்சமமற்ற அமைப்பே இருந்தது.

செவியை ஏமாற்றும் செவி

ஒளி உமிழ் டையோடு வைத்தவுடன் பெரும்பாலோர் இதுவே சிறந்தது என்பர். அங்கே ஒரு பொறி இருக்கிறது. வெட்டும் எல்லை உயர்ந்ததால் ஒலியளவும் உயர்ந்துவிட்டது. இரண்டு ஒலிகளுள் சிறிது உரத்து ஒலிப்பதையே செவி நல்லது எனத் தீர்ப்பளிக்கும். ஒலியளவுத் திருகியைக் குறைத்து, இரண்டையும் ஒரே அளவில் நிறுத்திக் கேட்டபின்னரே உண்மையான வேறுபாடு புலப்படும்.

நம்பிக்கை செய்யும் ஏமாற்று இதனினும் வலியது. பழைய டியூப் ஸ்கிரீமர்களில் இருந்த 4558 என்னும் சில்லை, ஒலியின் உயிரே அதுதான் எனக் கருதிப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் உண்டு. அது பலவகை மின்னணுக் கருவிகளில் பரவலாகப் பயன்பட்ட எளிய சில்லு. ஒலியின் வடிவத்தைப் பெரிதும் டையோடுகளும் மின்தேக்கிகளும் தீர்மானிக்கும் இச்சுற்றில், சில்லை மாற்றுவதால் விளையும் வேறுபாடு சிறிது. இதனையும் எவர் சொல்லையும் கேட்டு ஏற்க வேண்டுவதில்லை. சில்லை நேரே ஈயம் வைத்துப் பொருத்தாமல் ஒரு தாங்கியில் செருகிவைத்தால், நொடியில் மாற்றலாம். நண்பர் ஒருவர் மறைவாக இருந்து மாற்றிக்கொண்டே இருக்க, வாசிப்பவர் தாம் கேட்டது எது என ஒவ்வொரு முறையும் தாளில் குறித்துக்கொள்ளட்டும். இருபது முறையில் பத்து முறை சரியாகச் சொன்னால், அது நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததற்கு ஒப்பாகும்.

இச்சோதனைக்கு உடன்படுவது எளிதன்று. விலை கொடுத்து வாங்கிய நம்பிக்கை பொய்யாகிவிடுமோ என்னும் அச்சம் தடுக்கும். அவ்வச்சத்தைத் தாண்டியவருக்கே, தம் செவி எங்கே நம்பத்தக்கது, எங்கே நம்பத்தகாதது என்பது விளங்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தல், செய்ததை நாளும் மதிப்பும் குறித்து எழுதிவைத்தல், பழைய உறுப்பை எறியாமல் பாதுகாத்தல் ஆகிய மூன்றும் இப்பணியின் ஒழுக்கங்கள். மின்தேக்கியையும் டையோடையும் ஒருசேர மாற்றியவர், ஒலி நன்றாயினும் தீதாயினும் எதனால் ஆயிற்று என்று சொல்ல இயலாது. இவற்றோடு பாதுகாப்பும் வேண்டும். ஒன்பது வோல்ட் மின்கலம் தீங்கு செய்யாது. ஆனால் வெற்றிடக்குழல் பெருக்கிகளினுள் பல நூறு வோல்ட் உண்டு. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அவற்றின் மின்தேக்கிகளில் உயிரைக் குடிக்கும் மின்னூட்டம் தேங்கி நிற்கும். பெடலைத் திறந்த துணிவோடு அவற்றைத் திறத்தல் கூடாது.

தம்புராவின் நூல்

மேற்சுரங்களைத் தேடிச் செல்லுதல் மின்யுகத்தின் புதுமை அன்று. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே மெல்லிய பருத்தி நூல் ஒன்றைச் செருகுவர். வாசிப்பவர் அந்நூலை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்துவார். ஓரிடத்தில் தந்தி திடீரென உயிர்பெற்று, வண்டினம் சூழ்ந்ததுபோல் ரீங்கரிக்கும். அகன்று வளைந்த குதிரையின் மேற்பரப்பைத் தந்தி தொட்டுத்தொட்டு விலகுவதால் மேற்சுரங்கள் பெருகுகின்றன.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிவியலறிஞர் சர் சி. வி. இராமன், 1920களின் தொடக்கத்தில் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அப்புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழா என்பது அதுவரை ஏற்கப்பட்ட விதி. இக்கருவிகளில் அம்மேற்சுரங்களும் எழுவதை அவர் கண்டார். குதிரையின் தனித்த வடிவமே அதற்குக் காரணம் என்றார். மிருதங்கம் முதலிய நம் தோற்கருவிகளின் மேற்சுரங்கள் ஒத்திசைவுடன் அமைவதையும் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எடுத்துரைத்தார். தந்தி, குதிரையில் தடையின்றி நில்லாமல் உரசுவது ஒருவகையில் அலையின் இயல்பைக் கெடுப்பதே. பெயரறியாக் கைவினைஞர் அதனைச் செவியால் கண்டறிந்தனர். இராமன் அதன் காரணத்தை அறிவியலால் கண்டறிந்தார். டையோடு அலையின் முகட்டைத் தொடும்போது நிகழ்வதும், நூல் தந்தியைத் தாங்கும்போது நிகழ்வதும் தொலைவு உறவினர்கள்.

யாருடைய கருவி?

மாற்றங்கள் எல்லாம் முடிந்தபின், அப்பெடல் யாருடையது என்னும் வினா எழுகிறது. சுற்று ஜப்பானியப் பொறியாளருடையது. அதனைப் பிரித்தறிந்து எழுதி விளக்கியோர் பலர். 1975இல் கிரெய்க் ஆண்டர்டன் இசைக்கலைஞருக்கான மின்னணுச் சுற்றுகளைத் தொகுத்து நூலாக்கிய காலம்தொட்டு, ஒருவர் கற்றதை அடுத்தவர்க்கு மறைக்காமல் சொல்லும் மரபு இத்துறையில் வளர்ந்துள்ளது. அந்தக் கொடையைப் பெற்றவர், பெற்ற இடத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர். பிறர் சுற்றைப் படியெடுத்து, அவர் நிறுவனத்தின் பெயரை ஒட்டி விற்பது மோசடி. பிறர் சுற்று என்பதை மறைத்துத் தன் கண்டுபிடிப்பு என முழங்குவதும் அதற்குக் குறைந்ததன்று.

ஆயினும் அந்த 0.068 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி இளைஞருடையது. அதனை ஏன் வைத்தார் என்று கேட்டால், தம் குழுவின் ஒலி, தம் விரலின் அழுத்தம், தாம் தவறவிட்டது, பின்பு உணர்ந்தது என அனைத்தையும் சேர்த்தே அவர் விடை சொல்வார். சுற்றுப்படத்தில் உள்ள முப்பது நாற்பது உறுப்புகளுள் இந்த ஒன்றுக்கு மட்டுமாவது அவரால் முழுப்பொறுப்பு ஏற்க முடியும். ஏனையவற்றைப் பற்றியும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

வகுப்பறையிலும் இதே நிலை உண்டு. விடையை வரிமாறாமல் எழுதும் மாணவர், படம் பார்த்து ஈயம் வைத்தவரைப் போன்றவர். விடை சரியாக அமைந்தால் மதிப்பெண் கிடைக்கும்; வினா சிறிது மாறினால் எங்கே பிழை என்று தேடும் வழி தெரியாது. ஒரு வரியை மாற்றினால் பொருள் என்னவாகும் எனத் துணிந்து கேட்டவருக்கு, அப்பாடம் முழுவதும் திறந்துகொள்ளும். படியெடுத்தல் இழிவானதன்று, எல்லாக் கல்வியும் அங்கிருந்தே தொடங்குகிறது. எந்தக் கலைஞரும் முதலில் ஆசிரியரின் குரலைப் பின்பற்றியே பாடுகிறார். ஆனால் மூடியைத் திறவாமலேயே ஆண்டுகள் கழிந்துவிட்டால், கையில் உள்ள கருவி என்றும் பிறருடையதாகவே இருக்கும். திருகாணிகள் நான்குதான், கழற்றியவற்றை ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தால் தொலையா.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் இசைக்கருவி செய்வோர் அல்லது பழுதுநீக்குவோர் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் அனுபவத்தால் கருவியில் செய்த சிறு மாற்றம் ஒன்றைக் கேட்டறிந்து, அதன் காரணத்துடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

2. பழுது அல்லது பிழை எனக் கருதப்பட்டுப் பின்னர்ப் பயன்பாட்டுக்கு வந்த ஒன்றைப் பற்றி வகுப்பில் மூன்று நிமிடம் உரையாற்றுக.

3. ‘மாற்றுவதற்கு முன், அஃது ஏன் அவ்வாறு இருக்கிறது என அறிதல் வேண்டும்’ என்னும் கருத்தின் மீது சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

1. அலையின் முகடு வெட்டுப்படுதல் என்றால் என்ன?

2. தம்புராவின் குதிரைமீது நூல் செருகப்படுவது ஏன்?

சிறுவினா

1. மின்தேக்கியை மாற்றிய இளைஞர், தனியறையிலும் ஒத்திகையிலும் பெற்ற பட்டறிவை ஒப்பிட்டு எழுதுக.

2. இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்க வேண்டுவதன் தேவையை விளக்குக.

நெடுவினா

‘படியெடுத்தல் கல்வியின் தொடக்கம், புரிதலே அதன் நிறைவு’ என்பதைப் பாடப்பகுதியின் துணையுடன் நிறுவுக.